மலையோரமா, மாநகரமா? கண்டி முஸ்லிம்களின் ஒரு பழைய கேள்வி

சென்ற நோன்புப் பெருநாள் கழிந்து, ஆறு நோன்பும் பிடித்து ஓய்ந்திருந்த ஒரு மாலையில் மருமகன் அந்தப் பேச்சை எடுத்தார். கெலிஓயாவில் உள்ள எங்கள் வீட்டையும் அதனோடு கிடக்கும் இருபத்திரண்டு பேர்ச்சஸ் காணியையும் விற்று, கொஞ்சம் கடனும் பட்டால், கொழும்பு தெமட்டகொடையில் மூன்று அறைகள் கொண்ட ஒரு தொடர்மாடி வீட்டை வாங்கிவிடலாம் என்பது அவரது கணக்கு. வாடகை வீட்டில் இருக்கும் அவர்களும் நாங்களும் இனி ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். மகள் கணக்குப் பேசவில்லை. "வாப்பா, நம்மட ஆக்கள் கூடுதலா இருக்கிற எடத்துல இருந்தாத்தான் ராவைக்குப் பயமில்லாமப் படுக்கலாம்" என்றாள். 2018 மார்ச்சில் திகனையும் தெல்தெனியாவும் எரிந்த அந்த வாரத்தில், பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கைக்குழந்தையோடு மூன்று இரவுகள் வெளியே போகும் உடுப்போடேயே படுத்தவள். ஆகவே அவள் சொன்னதை இலேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஆனால் முப்பது வருடம் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒரு நியாயம் சொன்னால், அது எந்தக் காலந்தொட்டுச் சொல்லப்பட்டு வருகிறது என்று பார்க்கத் தோன்றும். "நம்மட ஆக்கள் கூடுதலாக இருக்கிற இடம்" எப்படி உண்டானது? அதன் எல்லையைக் கீறியவர் யார்? அங்கே போனவர்கள் எதைப் பெற்றார்கள், எதை விட்டு வந்தார்கள்? புரோக்கருக்குப் பதில் சொல்வதற்கு முன் இதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்றே இதை எழுதத் தொடங்கினேன்.

கெலிஓயா பெரிய ஊரல்ல. பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியில், ஓர் ஓடையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிறிய கடைத்தெரு. கிழக்கே மகாவலி. மேற்கே தவுலகலைப் பக்கம் ஏறிப்போனால் லங்காதிலக, கடலாதெனிய, எம்பெக்கை என்று கம்பளை இராசதானிக் காலத்துக் கோயில்கள். அவற்றுள் முதலிரண்டும் 1344ஆம் ஆண்டுக்குரியவை. இப்னு பதூதா இந்தத் தீவுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். பாவாத மலைக்குப் போகும் வழியில் தான் கண்ட தலைநகரை அவர் 'குனகார்' என்கிறார். அது கம்பளையா, குருணாகலையா என்பதில் ஆய்வாளர் ஒத்துப்போவதில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அவர் சொல்லும் இன்னொரு செய்தி. அந்நகருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது. அரசனும் மக்களும் அவரைச் சென்று கண்டு மரியாதை செய்தார்கள். அதே ஷெய்கு பசுவொன்றை அறுத்ததற்காகக் கையும் காலும் தறிக்கப்பட்டவர் என்றும், உயிர் போக வேண்டிய தண்டனை அவர்மீதிருந்த மதிப்பினால் அவ்வளவில் நின்றது என்றும், பின்னர் ஒரு சந்தையின் வருமானம் அவருக்கு வழங்கப்பட்டது என்றும் இப்னு பதூதா எழுதுகிறார். பள்ளி நகருக்கு வெளியே, மரியாதை நகருக்குள்ளே, தண்டனையும் மானியமும் ஒரே கையால். மலைநாட்டில் நமது இருப்பைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இது. எழுநூறு வருடங்களுக்குக் கிட்டிய பிறகும் இதை வாசிக்கும்போது எனக்கு அந்நியமாகப்படவில்லை.

1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் இடங்கொடுத்ததையும், நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதையும் எல்லோரும் படித்திருக்கிறோம். மலைநாட்டில் குடியேறியவர்களின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இவர்கள் ஓரிடத்தில் கூட்டமாக வைக்கப்படவில்லை. அங்கே பத்துக் குடும்பம், இங்கே ஐந்து குடும்பம் என்று சிங்களக் கிராமங்களின் இடைவெளிகளில் அமர்ந்தார்கள். கலாநிதி லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட, இலங்கை முஸ்லிம்களின் ஆயிரமாண்டு வரலாறு பற்றிய நூல் இதனை விரிவாகச் சொல்கிறது. மன்னனின் போக்குவரத்துப் பிரிவான 'மடிகே' பெரும்பாலும் முஸ்லிம்கள் கையில் இருந்தது. பொதிமாடுகளில் கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. மலைநாட்டுப் பாக்கு கீழே இறங்கியது. கொபால பரம்பரையினரைப் போல மன்னனுக்கே வைத்தியம் பார்த்த குடும்பங்களும் இருந்தன. சேவைக்காகக் காணி கிடைத்தது. காணியோடு சிங்கள 'கே' பெயரும் கிடைத்தது. இன்றும் நம்மில் பலருடைய பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கிறது. படிவம் நிரப்பும் அலுவலகங்களில் அது ஒரு தலைவேதனை என்பது வேறு விடயம்.

இந்த ஏற்பாட்டை இனநல்லுறவின் பொற்காலம் என்று வர்ணிப்பது நமது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். உப்பு இல்லாமல் மலைநாடு வாழ முடியாது. கரையோரத்தை அந்நியன் பிடித்துவைத்திருந்தான். உப்பைக் கொண்டுவரத் தெரிந்தவன் முஸ்லிம். மன்னனுக்கு நாம் தேவைப்பட்டோம், அயலவனுக்கும் தேவைப்பட்டோம். அன்பு அதற்குப் பிறகு வந்திருக்கலாம். வந்தது என்றே நினைக்கிறேன்.

அதே காலத்துக் கொழும்பைப் பாருங்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் சோனகர் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வீடு வைத்திருக்கத் தடை இருந்தது. அரசாங்கத்துக்குக் கட்டாய ஊழியமும் செய்ய வேண்டியிருந்தது. அதனால் அவர்கள் மதிலுக்கு வெளியே, சோனகத் தெருவையும் புதுக்கடையையும் சூழ்ந்து நெருங்கினார்கள். ஆங்கிலேயர் வந்து பல வருடங்களுக்குப் பிறகு, 1832இல்தான் அந்தச் சொத்துத் தடை நீங்கியது. நகரத்தில் "நம்மட ஆக்கள் கூடுதலாக இருக்கிற இடம்" என்பதன் முதல் எல்லையைக் கீறியவர்கள் நாமல்லர். நம்மை உள்ளே விட விரும்பாதவர்கள் கீறிய கோட்டுக்கு வெளியே பள்ளி கட்டி, மத்ரஸா வைத்து, மையவாடிக்கு இடம் ஒதுக்கி, அதையே நமது வீடாக்கிக் கொண்டோம். அது பெரிய சாதனைதான். ஆனால் அது பாதுகாப்புக்காக நாமே தெரிந்தெடுத்த இடம் என்று மகள் நினைப்பது சரித்திரப்படி சரியில்லை.

மலைநாட்டிலும் நிலைமை மாறியது. 1815இல் கண்டி வீழ்ந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பி வந்தது. பேராதனையில் 1833இல் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரப் பாலம் போடப்பட்டது. 1867இல் கண்டிக்கும் 1874இல் நாவலப்பிட்டிக்கும் புகையிரதம் ஓடியது. வீதியும் இரும்புப் பாதையும் வந்த பிறகு பொதிமாட்டுக்கு என்ன வேலை? மடிகேக்காரனின் பேரன் வீதியோரத்தில் கடை போட்டான். கெலிஓயா, வெலிகல்லை, கம்பளை என்று இந்தப் பாதை நெடுகிலும் உள்ள கடைத்தெருக்கள் இப்படி எழுந்தவையே. தமிழகக் கரையிலிருந்து வந்த கரையோரச் சோனகர்களும் அவற்றில் கடை வைத்தார்கள். முன்னர் உப்புக் கொண்டுவந்தவன் இப்போது உப்புக்குக் கடன் எழுதினான். மாட்டோடு முற்றத்துக்கு வந்தவனுக்கும், கல்லாவுக்குப் பின்னால் கொப்பியோடு இருப்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிங்களக் கிராமத்தவன் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் வீதியிலிருந்து சில மைல்களுக்கப்பால் கம்பளையில் அது வழக்காக வெடித்தது. வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா அம்பகமுவ வீதியில் உள்ள பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டுமா என்பதுதான் பிரச்சினை. 1912இல் அரசாங்க அதிபர் விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்துத் தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்காடினார். 1914 ஜூன் 4ஆம் திகதி கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ், 1815 உடன்படிக்கையை ஆதாரங்காட்டித் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரி 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. வழக்கில் வென்றோம். நான்கு மாதம் முடியவில்லை, வெசாக் இரவான மே 28இல் கண்டி காசில் ஹில் வீதியில் கலவரம் மூண்டது. அங்கிருந்து கம்பளை, மாத்தளை, கேகாலை, கொழும்பு என்று பரவியது. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர், 189 பேர் காயமுற்றனர், 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. அடக்க வந்த படையினர் சிங்கள மக்கள் மீது செய்த அட்டூழியமும் சிறிதல்ல. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த வேகத்தில்தான். பெரும்பான்மை மக்கள் 1915ஐ நினைக்கும்போது பேதிரிஸை நினைக்கிறார்கள், நாம் கடைகளை நினைக்கிறோம். இரண்டையும் ஒரே பாடத்தில் படிப்பிக்க முயன்று, இரண்டு பக்கத்துப் பெற்றோரிடமும் நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பள்ளிவாசல் ஒரு நகர வீதியில், பெரும்பாலும் புதிதாக வந்த வியாபாரிகளின் பள்ளிவாசல். தெருவில் எண்ணிக்கை இருந்தது, கையில் காசு இருந்தது, வக்கீல் வைக்க முடிந்தது. கிராமத்தில் ஐந்து குடும்பமாக இருந்தவன் இந்த வழக்கைப் பேசியிருக்க மாட்டான். நேரே போய் நிலமேயோடு கதைத்து, ஒரு வருடம் மேளம் மெதுவாகவும் மறு வருடம் பள்ளியின் யன்னல் சாத்தியும் சமாளித்திருப்பான். இது என் ஊகம். சட்டப்படி வழக்குப் பேசியது தவறென்று நான் சொல்லவில்லை. உரிமையைச் சமாளிப்பாக மாற்றிக்கொண்டே எத்தனை காலம் இருப்பது என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் வழக்கை நடத்தும் பலம் நகரத் தெருவுக்கு இருந்தது. வென்ற பிறகு வந்ததைத் தாங்கும் பலம் அதற்கு இருக்கவில்லை. அதைச் சேர்த்துத் தாங்க வேண்டி வந்தவர்கள் வீதியோரத்துச் சின்னக் கடைக்காரர்களும் கிராமத்தவர்களுமே.

எங்கள் குடும்பத்தில் சொல்லப்படும் கதையும் ஒன்றுண்டு. மூத்தப்பாவின் வாப்பாவுக்கு இங்கே சில்லறைக் கடை. கலவரச் செய்தி வந்த இரவில் வயலுக்கு அக்கரையிலிருந்த சிங்களக் குடும்பமொன்று பெண்களையும் பிள்ளைகளையும் நெல் அட்டுவத்துக்குள் வைத்துப் பூட்டிக் காத்தது. காலையில் வந்து பார்த்தால் கடையில் பலகைகூட மிச்சமில்லை. கொள்ளையடித்தவர்கள் வெளியாட்கள் என்று உம்மும்மா சொல்வார். சொல்லிவிட்டு, "கடன் கொப்பி மட்டும் எப்பிடிக் காணாமப் போச்செண்டு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்று சிரிப்பார். வெளியாளுக்குக் கடன் கொப்பி எதற்கு?

ஆக, 1915 கிராமத்தையும் விடவில்லை, நகரத்தையும் விடவில்லை. கொழும்பில் மருதானையும் புறக்கோட்டையும் நமது ஆட்கள் நிறைந்த இடங்கள்தாம். மருதானைப் புகையிரத வேலைத்தளத் தொழிலாளர் கிளம்பியபோது எண்ணிக்கை கடைகளைக் காக்கவில்லை. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர்களுக்கு நடந்ததும் நம் கண்முன்னே இருக்கிறது. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினார்கள். ஆனால் அதே தமிழர்கள் அதற்குப் பின்னர் வெள்ளவத்தையில் முன்னிலும் நெருக்கமாகக் கூடினார்கள். அடிபட்டவன் தன் ஆட்களைத் தேடித்தான் போவான். அந்த நெருக்கம் மறுமுறை காக்கும் என்று நிரூபித்துவிட்டு அவன் போவதில்லை. 2018இல் மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்த பிறகும் கண்டி மாவட்டத்தில் தாக்குதல் தொடர்ந்தது. அக்குறணையும் தப்பவில்லை. மலைநாட்டில் அக்குறணையைவிட "நம்மட ஆக்கள்" கூடுதலாக உள்ள கடைவீதி எது? பாதுகாப்பு என்ற ஒரே நிறைகல்லை வைத்து ஊரையும் நகரத்தையும் நிறுக்கப் போனால் தராசு ஒரு பக்கமும் சாயாது. இதை மகளுக்குச் சொன்னேன். "அப்ப பயம் ரெண்டு எடத்துலயும் ஒண்டுதான் எண்டா, வேற என்னத்த வெச்சு முடிவெடுக்கிற?" என்று கேட்டாள். கெட்டிக்காரி. அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேட வேண்டியிருக்கிறது.

நகரம் நமக்குத் தந்ததை மறைத்துப் பேசினால் அது நன்றிகெட்டதனமாகிவிடும். அறிஞர் சித்திலெவ்வை 1838இல் கண்டியில் பிறந்தவர். 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைக் கண்டியிலிருந்துதான் தொடங்கினார். ஆனாலும் பாடசாலை இயக்கத்தைக் கட்டியெழுப்ப அவருக்குக் கொழும்பு தேவைப்பட்டது. வாப்பிச்சி மரிக்காரின் காசும் கையும் அங்கேதான் இருந்தன. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் வந்திறங்கிய ஒறாபி பாஷாவும் முதலில் அங்கேதான் இருந்தார். 1892இல் மருதானையில் உருவாகிப் பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸா ஒரு நெருக்கமான நகர மஹல்லாவில் அன்றி வேறெங்கும் எழுந்திருக்காது. பத்து மைலுக்குப் பத்துக் குடும்பமாகச் சிதறியிருந்த மலைநாட்டில் ஒரு வகுப்புக்குப் பிள்ளை சேர்ப்பதே கஷ்டம். வேடிக்கை என்னவென்றால், அதே 1892இல் ஒறாபி பாஷா கண்டிக்குக் குடிபெயர்ந்து, 1901இல் நாடு திரும்பும்வரை இங்கேயே இருந்தார். சித்திலெவ்வையும் 1898இல் கண்டி மண்ணிலேயே அடங்கினார்.

இந்த இடத்தில் இப்னு கல்தூனை நினைக்காமல் இருக்க முடியாது. நகரவாசி தன் பாதுகாப்பை மதிலுக்கும் ஆட்சியாளனுக்கும் ஒப்படைத்துவிட்டுத் துணிவை இழக்கிறான் என்று எழுதியவர் அவர். கைத்தொழிலும் கல்வியும் சனநெருக்கம் உள்ள நகரத்தில்தான் செழிக்கும் என்று எழுதியவரும் அவரே. இவற்றை எழுதிய 'முகத்திமா'வின் முதல் வரைவை நகரத்தில் இருந்துகொண்டு அவர் எழுதவில்லை. அரசியலில் களைத்துப்போய், அல்ஜீரியாவின் உட்பகுதியில் இப்னு சலாமா கோட்டை என்ற ஒதுக்கிடத்தில் இருந்து 1377இல் எழுதினார். எழுதியதைச் சரிபார்க்க அங்கே நூல்கள் இல்லை. அதற்காகத் துனிஸ் நகருக்குத் திரும்பினார். பின்னர் கெய்ரோ போய் அங்கேயே 1406இல் மௌத்தானார். யோசிக்க ஒதுக்கிடம், நூலுக்கு நகரம். எழுத்தாளர்களாகிய நமக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

ஆனால் எழுத்துக்கு நகரம்தான் வேண்டும் என்று அறுதியிட்டுச் சொல்லவும் மலைநாடு விடாது. அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் தெல்தோட்டை போப்பிட்டியைச் சேர்ந்தவர். கல்ஹின்னை என்ற கிராமத்தின் பெயரை எஸ். எம். ஹனிபா தமிழ் மன்றம் என்ற பதிப்பகத்தின் மூலம் தமிழ் உலகெங்கும் கொண்டுபோனார். கொழும்பிலிருந்து எத்தனையோ புத்தகம் வந்திருக்கிறது. புத்தகத்தால் ஓர் ஊரின் பெயர் நினைவில் நிற்கிறதென்றால் எனக்கு முதலில் வருவது கல்ஹின்னை.

என் வீட்டுக்காரியின் வாதம் இது எதையும் தொடாதது. எல்லாவற்றையும்விடப் பலமானதும் அதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். "கெலிஓயாவுல நான் எந்தக் கடையில என்ன சாமான் வாங்கின எண்டு மஃரிபுக்கு முந்தி ஊருக்கே தெரியும். மகள் கொழும்புல ஏழு மணிக்கு வேல முடிஞ்சி வாராள், ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கிறதில்ல" என்றார். ஊர் என்று நான் உருகிப் பேசும் அந்த நெருக்கத்தின் கூலியை நாற்பது வருடமாகக் கொடுத்தவர் அவர். பள்ளி நிருவாகத்திலிருந்து தேநீர்க்கடை வரை ஆண்களாகிய நாம் 'ஊர்' என்று அனுபவித்தது பெண்ணுக்குக் காவலாகவும் இருந்திருக்கிறது, கண்காணிப்பாகவும் இருந்திருக்கிறது. முஸ்லிம் பெண்கள் பல்கலைக்கழகம் போனார்கள் என்றால் அதற்கு நகரப் பாடசாலை ஒரு காரணம், நகரத்தின் கண்டுகொள்ளாமை இன்னொரு காரணம். பேராதனைப் பல்கலைக்கழகம் 1952இலிருந்து எங்கள் வாசலில்தான் இருக்கிறது. வாசலில் இருந்தும் எத்தனை பெண்பிள்ளைகளை அதற்குள் அனுப்பினோம் என்று கேட்டால், என் தலைமுறை ஆண்களுக்குத் தலை நிமிராது.

ஆயினும் மாநகரத்தின் மஹல்லா எதன்மேல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்வோம். இலங்கை ரைபிள் படைப்பிரிவில் சேவித்த மலாயர் குடும்பங்களும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் நூறு வருடத்துக்கு மேலாகத் தோளோடு தோள் வாழ்ந்த இடம். 2010 மே மாதத்தில் அங்கே மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் ஒரு நாளைக்குள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவுக்கு வந்தன. நகர அபிவிருத்தி அதிகார சபை அந்த ஆண்டில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் ஜாவா லேனும் போனது. கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து பல்லாயிரம் குடும்பங்களை வானுயர்ந்த மாடிகளுக்கு மாற்றும் திட்டத்தில் வனாத்தமுல்லையும் தெமட்டகொடையும் மாளிகாவத்தையும் உருமாறின. பழைய தோட்டங்களில் ஒரு வாசலில் அடுப்பு மூட்டினால் ஐந்து வாசலுக்கு வாசம் போகும். மாடியில் அடுத்த வீட்டுக்காரர் யாரென்று அறிய மின்தூக்கி பழுதாக வேண்டும் என்று மருமகனே பகடியாகச் சொல்வார். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதும், 2020 மே 21இல், நோன்பு காலத்தில், மாளிகாவத்தையில் தர்மப் பணம் வாங்கப்போன நெரிசலில் மூன்று பெண்கள் மௌத்தானதும் அதே நகரத்தில்தான். நமது ஆட்கள் கூடுதலாக இருக்கும் இடத்தில் நமது ஏழைகளும் கூடுதலாகவே இருக்கிறார்கள். கிராமத்தில் ஏழைக்கு ஒரு பலாமரமாவது உண்டு.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு அதுவே அதிகம் சுடும். பேரன் தமிழில் பேசுகிறான், வாசிப்பதில்லை. அவன் படிப்பது ஆங்கில மொழிமூலம். சுற்றியுள்ள வீடுகளிலும் அப்படித்தான். நூற்றாண்டுகளாகச் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே ஐந்தும் பத்துமாகக் கிடந்த மலைநாட்டு முஸ்லிம், வெளியே சிங்களமும் வீட்டுக்குள் தமிழுமாக இந்த மொழியைக் காத்தான். நம்மவர் செறிந்த நகரத்தில், பாதுகாப்பாக இருக்கும்போது, அது கையை விட்டுப் போகிறது. மலையோரத்திலும் இப்போது பலர் பிள்ளைகளைச் சிங்கள மொழிமூலத்தில் சேர்க்கிறார்கள் என்பதால் இங்கே இருந்துகொண்டு நான் பெருமையடிக்க முடியாது. ஆனால் கெலிஓயாவில் விடுமுறைக்கு வந்து நின்ற இரண்டு வாரத்தில், சுவரில் ஒட்டியிருந்த ஜனாஸா அறிவித்தலை எழுத்துக் கூட்டி வாசித்து யார் மௌத்தென்று உம்மும்மாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னவன் அதே பேரன்தான். அவனுக்குத் தெரிந்த ஒருவரின் பெயர் அதில் இருந்தது. அதனால் வாசித்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நான் வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் கலங்கிப்போயின. மகாவலி கரையை மீறி வந்தது. கம்பளையும் கெலிஓயாவும் நீரில் கிடந்தன, மலைகள் சரிந்தன, நாட்டிலேயே கூடுதலான உயிர்கள் கண்டி மாவட்டத்தில்தான் போயின. 1947 ஓகஸ்ட் வெள்ளத்தைப் பற்றி வாப்பா சொன்னவற்றை மிகைப்படுத்தல் என்று நினைத்திருந்தவன் நான். அதே நாட்களில் களனி ஆறு பெருகிக் கொலன்னாவையையும் வெல்லம்பிட்டியையும் மூழ்கடித்தது என்று சொல்லி மகளோடு வாதாடலாம். வாதாட மனம் வரவில்லை. இங்கே பள்ளியில் மூன்று நாள் சோறு ஆக்கினார்கள். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாள் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து சேற்றுக்குள்ளால் வந்தவர்களில், எங்கள் அட்டுவக் கதையின் அந்தக் குடும்பத்து இளைஞன் ஒருவனும் இருந்தான். 1915 பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சென்ற வாரம் புரோக்கர் காணி உறுதியின் போட்டோப் பிரதி கேட்டு வந்தார். அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மூத்தப்பாவின் காலத்து நொத்தாரிசு எழுதிய பழைய உறுதி. எல்லைகள் என்ற இடத்தில் வடக்கே இன்னாருடைய வயல், கிழக்கே ஓடை, தெற்கே பள்ளிவாசலுக்குரிய காணியின் வேலி, மேற்கே இன்னார் பயிரிட்ட தோட்டமும் பலாமரமும் என்று எழுதியிருக்கிறது. இரண்டு இன்னாரும் சிங்களப் பெயர்கள். மருமகன் தான் பார்த்துவைத்திருக்கும் மாடிவீட்டின் உறுதி மாதிரியை முன்னரே அனுப்பியிருந்தார். 1973ஆம் ஆண்டின் மாடிவீட்டு உடைமைச் சட்டத்தின்படி அதற்கும் எல்லைகள் உண்டு: வடக்கே சுவரின் நடு, கிழக்கே சுவரின் நடு, கீழே தளத்தின் நடு, மேலே கூரைத்தளத்தின் நடு. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். "இதுல மின்தூக்கி எப்பவும் வேல செய்யுமா எண்டு போட்டிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மகள் வருகிறாள். அதற்குப் பிறகு வரும்படி புரோக்கருக்குச் சொல்லியிருக்கிறோம்.